ஏழாம் விதி

காசு கொழும்பிலிருந்து வந்தது.
முடிவு வரவில்லை.
அதை நீங்களே எடுங்கள் என்று
ஒரு கடிதம் மட்டும் கூட வந்தது.

கிளிவெட்டிக் கூட்டுறவுச் சங்கப் பின்னறையில்
உர மூட்டைகளை நகர்த்திய இடத்தில்
ஏழு கதிரை, ஒரு மேசை, ஒரு கொப்பி.
செயலாளர் நான்.
இருபத்து நான்கு இலட்சம்.
நாற்பத்தொரு விண்ணப்பம்.
கேட்டதைக் கூட்டினால் கோடிக்குக் கிட்ட.

தோப்பூர் ஜெஸீமா இடியப்பத் தட்டு நூறு கேட்டிருந்தாள்.
மூன்று கடையில் விலை விசாரித்து
மூன்றையும் எழுதி
மலிவானதன் கீழ் கோடு போட்டிருந்தாள்.
ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

தெஹிவத்தை நந்தாவதியின் தாள் சிங்களத்தில்.
பதுர்தீன் காக்கா வாசித்துச் சொன்னார்:
சோளம் காயப்போடச் சீமெந்துத் தளம்.
"மழைக்கு முதல் வேணுமாம்.
பிறகு தந்தா வேணாமாம்."
சிரித்துக்கொண்டே புள்ளி போட்டோம்.

சுடலைப் பாதைக்கு மதகு கேட்டது மாதர் சங்கம்.
"இது தொழிலா?" என்றார் கோணாமலை வாத்தியார்.
புவிராணி பேனையை மூடினாள்.
"போன மாரியில இடுப்பளவு தண்ணிக்குள்ளால
பெட்டி தூக்கினதில நீங்களும் ஒராள் ஐயா.
செத்தவங்க வந்து படிவம் நிரப்பமாட்டாங்க."
வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மதகு பதிவாயிற்று.

அடுத்த தாளை எடுக்கும்போதே
கையெழுத்துத் தெரிந்தது.
'த'வின் காலை அடுத்த வரிவரை நீட்டுகிறவன்
எங்கள் வீட்டில் ஒருவன்தான்.
தவரூபன். தயிர்த் தொழில்.
பால் குளிரூட்டி ஒன்று,
மூன்று இலட்சத்து இருபதாயிரம்.

உறவின் விண்ணப்பம் வந்தால்
உறுப்பினர் வெளியே போகவேண்டும்.
ஏழாம் விதி.
தட்டச்சு செய்தவள் நான்தான்.
"கொஞ்சம் வெளிய நில்லுங்க புள்ள" என்றார் காக்கா,
மன்னிப்புக் கேட்கிற குரலில்.
கொப்பியைப் புவிராணி பக்கம் தள்ளிவிட்டு எழும்பினேன்.

வெளியே
நெல் நிறுக்கும் தராசின் மேல்
ஓர் ஆட்டுக்குட்டி படுத்திருந்தது.
முள் எட்டில் நின்றது.

இரத்தம் இரத்தத்துக்காகப் பேசிவிடும் என்று
விதிக்கு ஒரு பயம்.
நான் பேசியிருந்தால்
பம்பைப் பற்றிப் பேசியிருப்பேன்.

இடம்பெயர்ந்து திரும்பிய வருடம்
ஒரு நிறுவனம் தந்த நீலத் தண்ணீர்ப் பம்பு.
மாலை போட்டுப் படமும் எடுத்தார்கள்.
ஒரு மாதம் முடியவில்லை,
மூதூரில் விற்றுவிட்டு வந்தான்.
கத்தரிக் கன்றுகள் வரிசையாகச் சுருண்டன.
கேட்ட எல்லோருக்கும்
பழுதுபார்க்கக் கொடுத்திருக்கு என்றேன் நான்.
அந்தக் காசில்தான்
கணினி வகுப்புக்குப் போனேன்.

யன்னலுக்குள்ளே மின்விசிறி இரைந்தது.
ஆறு பேரும் ஒன்றாகப் பேசினார்கள்.
ஒரு சொல் மட்டும்
தப்பி வெளியே வந்தது:
பம்பு.

தெரிந்திருக்கிறது.
இத்தனை வருடமும்
என்னிடம் அதன் சுகம் விசாரித்தவர்களுக்கெல்லாம்.

குட்டி எழும்பிப் போயிற்று.
முள் ஆடி ஆடிப் பூச்சியத்துக்கு வந்தது.
கூப்பிட்டார்கள்.

அரைவாசி இப்போது,
கடையின் பெயருக்குக் காசோலை.
மூன்று மாதப் பால் கணக்குக் காட்டினால்
மற்ற அரைவாசி.
என் எழுத்துக்கு நடுவே
பதினொரு வரி புவிராணியின் எழுத்து.
கடைசி வரி:
செயலாளர் வெளியே நின்றார்.
பம்பைப் பற்றி ஓர் எழுத்துமில்லை.
இரண்டு தரம் வாசித்துவிட்டுக்
கையெழுத்துப் போட்டேன்.

இரவு சோற்றுக் கோப்பையோடு வந்து குந்தினான்.
"அரைவாசிதானா?
நீ உள்ளுக்குத்தானே இருந்தாய்,
என்ன சொன்னாய்?"

"ஆட்டுக்குட்டி எட்டுக் கிலோ" என்றேன்.

விளங்காமல் என்னைப் பார்த்தான்.
பிறகு சோற்றைப் பிசைந்தபடியே
மூன்று மாதத்துக்கு எத்தனை லீட்டர் என்று
வாய்க்குள் பெருக்கத் தொடங்கினான்.